ஜெயகௌரி ‘யெஸ்’ சொன்ன மூன்று ரிக்கற்

ஜெயகௌரி தவநாயகி அக்காவுக்கு மூவாயிரம் பவுண் கொடுக்க வேண்டியிருந்தது. கைமாற்றாக வாங்கிய கடன் அல்ல, சீட்டுக் காசு. சீட்டுக் காசை விழுங்கியவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்தால், பிறகு லண்டனில் எந்தக் கோயில் வாசலிலும் அவரால் நிமிர்ந்து நிற்க ஏலாது. அந்தப் பெயர் இந்தக் கோடையில் ஜெயகௌரியின் கழுத்துவரை வந்தது. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுங்கோ அண்ணை, என்னை மாதிரிப் பயந்ததுகள் வேறயும் இருக்கும்” என்றார்.

என் பெயர் சண்முகராசா. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ட்ராம் நிற்கும் இடத்திலிருந்து நடந்து வந்தால், மூலையில் பச்சைப் பலகை போட்ட பலசரக்குக் கடை என்னுடையது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பெற்றோல் செட்டில் வேலை செய்து, வேனில் மரக்கறி கொண்டு திரிந்து, இன்று ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். என்னுடைய முருங்கைக்காய்க்குக் குறொய்டனிலிருந்தும் ஆள் வரும். படித்த எக்கவுண்டன்ற் ஒருவன் வந்து என் முன்னால் ஸ்டூலில் இருந்து, “அங்கிள், இதை எப்படி வாயாலேயே கூட்டினீங்கள்?” என்று கேட்டிருக்கிறான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஜெயகௌரி ஆறு வருஷமாக என் கடையில் கல்லாவில் நிற்கிறார். ஊரிலிருந்து ஜேர்மனிக்குப் போய், அங்கே பதினைந்து வருஷம் ஹோட்டல் அறை துப்புரவாக்கி, பிள்ளையின் படிப்புக்காகக் கணவர் இராஜேந்திரனோடு லண்டனுக்கு வந்தவர். கணக்கில் ஒரு பென்ஸ் பிழைத்ததில்லை. ஆனால் பயந்த மனுசி. அதிலும் வேற்று மொழியில் அதிகாரமாக ஒருவர் பேசிவிட்டால் அவருக்கு வாயில் வருவது ஒரே சொல்தான். ஊரில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் என்ன கேட்டாலும் ஓம் என்று தலையாட்டினால்தான் அப்பால் போகலாம். ஜேர்மனியில் அகதி விசாரணைக்காரனுக்கும் ஓம். இங்கே கவுன்சில்காரி, டொக்டரின் ரிசெப்ஷன், காஸ் மீற்றர் பார்க்க வருகிறவன், எல்லோருக்கும் ‘யெஸ், யெஸ், தாங்க் யூ.’ கேள்வி என்னவென்று பிறகுதான் யோசிப்பார். எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு இந்த வருத்தம் இருக்கிறது.

கடையில் நிற்கும் பிறேமினி என்ற பிள்ளை இதை வைத்துப் பகிடி பண்ணும்.

“அக்கா, உங்கட சங்கிலியை எனக்குத் தாறீங்களோ?” என்று இங்கிலீசில் வேகமாகக் கேட்கும்.

“யெஸ், யெஸ்” என்பார் ஜெயகௌரி, தக்காளியை நிறுத்தபடி.

சீட்டு எங்கள் கடைப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், மாதத்தின் முதல் ஞாயிறு கூடும். ஆளுக்கு முந்நூறு, பத்துப் பேர், மாதம் ஒருவருக்கு மூவாயிரம். ரசீது, கையெழுத்து ஒன்றும் கிடையாது. பிடிக்கிறவர் ஜெயகௌரி, பொறுப்பு நிற்கிறவன் நான். மிச்சத்தில் என் வாய்ச்சொல் பாங்க் கடிதத்துக்குச் சமன். ஜூலை மாதச் சீட்டு தவநாயகி அக்காவுக்கு விழுந்தது. அவர் செவன் கிங்ஸில் மகனோடு இருக்கிறார். வாய்க்குப் பல்லுக் கட்டுவதற்காகச் சேர்த்த காசு. “வீட்டை கொண்டுபோனா மோன் கார் திருத்த எண்டு கேப்பான். உன்னட்டையே இருக்கட்டும் பிள்ளை. ஓகஸ்ட் முதல் ஞாயிறு வந்து வாங்கிறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காசு ஜெயகௌரியின் அலுமாரியில் இருந்த நாட்களில்தான் ரொரன்ரோவிலிருந்து அவருடைய தமையன் போன் எடுத்தார். ஊர்க் கோயிலில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். இவர்களுடையது ஏழாம் திருவிழா. தகப்பன் காலத்திலிருந்து விட்டுக்கொடுக்காத நாள். தமையனுக்கு இந்த முறை நெஞ்சில் ஒப்பரேசன். “நீ குடும்பமாப் போய் முன்னுக்கு நிண்டு செய். மூண்டு ரிக்கற் காசும் நான் மாத முடிவில அனுப்பிறன்” என்றார். ரிக்கற் போடுகிற வைத்தியநாதன் சொன்னார், மலிவு ரிக்கற் மூன்றுதான் மிச்சம், நாளைக்கு இராது, ஒன்று ஆயிரம், ஆனால் காசு திரும்பாத வகை. வைத்தியநாதன் எங்கள் ரோட்டில் நகைக்கடையின் பின்பக்கத்தில் ஒரு மேசை போட்டு விமான ரிக்கற் விற்கிறவர். ஜெயகௌரி யோசித்தார். மாத முடிவில் அண்ணன் காசு வரும், அதற்குப் பிறகுதான் அக்கா வருவார். அலுமாரியைத் திறந்து மூவாயிரத்தையும் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தார். வீட்டில் இராஜேந்திரனுக்கும் மகள் கோசிகாவுக்கும் அண்ணன் காசு முதலே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். எனக்கும் சொல்லவில்லை.

ரெலிபோன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பின்னால் புதுப் பிறீசர்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டு நின்றேன். மூன்று பிறீசர், கடன் இல்லாமல் முழுக்காசு கொடுத்து இறக்கியவை. கல்லாவில் ஜெயகௌரி போனைக் காதில் வைத்தபடி, “யெஸ்… யெஸ்… தாங்க் யூ, யெஸ்” என்று சொல்வது கேட்டது. வழமைதானே என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் பிறேமினி வந்து, “அங்கிள், அக்கா ஒரு மாதிரி நிக்கிறா” என்றது.

போய்ப் பார்த்தேன். கல்லா திறந்தபடி. முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மிச்சக் காசுக்குக் கை நீட்டியபடி. ஜெயகௌரி அவருடைய கையைப் பார்க்கிறார், ஆனால் பார்க்கவில்லை.

“என்ன பிள்ளை?”

“பிளேன்காரர் அண்ணை. சீட்டு ஞாயிறு கழிஞ்சு வாற புதன்கிழமைப் பிளேன் இல்லையாம். சனிக்கிழமையாம்.”

“நீ என்ன சொன்னனி?”

“யெஸ் எண்டு சொல்லிப்போட்டன்.”

அந்தச் சனிக்கிழமைதான் ஏழாம் திருவிழா.

அன்று பின்னேரம் அரிசி மூட்டையில் இருந்து முழுவதையும் சொன்னார். அலுமாரி, மூவாயிரம், தவநாயகி அக்கா. முப்பது வருஷம் இந்த நாட்டில் யாருக்கும் பயப்படாமல் கடை நடத்தியவன் நான். கடைக்குள் கத்தியோடு வந்தவனைத் கூட்டும் தும்புத்தடியால் துரத்தியிருக்கிறேன். ஆனால் பத்துப் பேரின் காசுக்கு நான் பொறுப்பு என்று வாயால் சொல்லியிருந்தேன்.

“அண்ணன் அனுப்புவார்தானே?” என்றேன்.

அண்ணன் அனுப்பவில்லை. சனிக்கிழமைதான் ஏறுகிறார்கள் என்று கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. “திருவிழாவுக்கு நிக்காட்டி நான் ஏன் ரிக்கற்றுக்குக் காசு தர வேணும்? பெரியப்பாவின்ர பெடியளிட்ட உபயத்தைக் குடுக்கிறன்” என்று வைத்துவிட்டார். பிறகு போன் எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் இருவரும் வைத்தியநாதனிடம் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, கொம்பியூட்டரைப் பார்த்தார். நகைக்கடைக்காரனின் மணி அடித்தபடி இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஜெயகௌரி திரும்பி வாசலைப் பார்த்தார்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி” என்றார் வைத்தியநாதன். “காசு திரும்பாத ரிக்கற் எண்டாலும், கொம்பனிக்காரன் தானாப் பயண நாளை மாத்தினா முழுக்காசும் குடுக்க வேணும். அதுக்குத்தான் உங்களைக் கேட்டவன், இது சரியோ எண்டு. நீங்கள் சரி எண்டு சொல்லிட்டீங்கள். இஞ்ச பாருங்கோ, ஒப்புக்கொண்டதெண்டு விழுந்து கிடக்கு.”

“விளங்கேல்லை எண்டு சொல்லுவமே அண்ணை?”

“றெக்கோட் பண்ணியிருப்பான். அதில தாங்க் யூவும் சொல்லியிருப்பீங்கள்.”

ஜெயகௌரி தலை குனிந்தார். “இப்ப கான்சல் பண்ணினா?”

“வரி மட்டும் வரும். மூண்டுக்கும் சேர்த்து அறுநூறு கிட்ட. இண்டைக்கே கான்சலை அமத்தினாத்தான் மாத முடிவுக்குள்ள கைக்கு வரும்.”

“அமத்துங்கோ. அறுநூறாவது அக்காவின்ர கையில வைச்சிட்டுக் காலில விழுறன்.”

அவர் கை கீபோர்டுக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

“வைத்தி, பொறும். அவன் திரும்ப மாத்தினா?”

“என்ன?”

“பயண நாளை இன்னொருக்கா மாத்தினா, இவ முதல் சொன்ன யெஸ் செல்லுமோ?”

வைத்தியநாதன் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “செல்லாது. புதுசாக் கேக்க வேணும். அப்ப மாட்டன் எண்டா முழுக்காசும்.”

படித்தவர்கள் இதை எங்கே கற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கற்றது மரக்கறிக்காரர்களிடம். லொறி வரும் நாளை ஒருமுறை மாற்றியவன் இரண்டாம் முறையும் மாற்றுவான். அவனிடம் சரக்கோ சாரதியோ ஏதோ ஒன்று குறைவு. அது ஒரு நாளில் சரிவராது. வைத்தியநாதனும் சொன்னார், அந்தக் கொம்பனி இந்தக் கோடை முழுக்கப் பிளேன் போதாமல்தான் ஓடுகிறது, வேறு ஆட்களுக்கு இரண்டு தரம் மாற்றியிருக்கிறான், சிலருக்கு ஒரு தரத்தோடு விட்டிருக்கிறான்.

“அமத்த வேண்டாம். பாப்பம்” என்றேன்.

“மாத்தாட்டி அண்ணை?” என்றார் ஜெயகௌரி.

“மாத்துவான்.”

சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் ட்ராம் தண்டவாளத்தைத் தாண்டி நடந்து வரும்போது கணக்குப் பார்த்தேன். அந்த அறுநூறையும் தடுத்தவன் நான் அல்லவா? கையில் காசு இருந்திருந்தால் எண்ணிக் கொடுத்திருப்பேன். எல்லாம் மூன்று பிறீசருக்குள் போயிருந்தது. பெண்சாதியின் தாலிக்கொடியை அடகு வைப்போமா என்று கேட்டேன். ஜெயகௌரி மறித்தார். “அக்காவின்ர கடன் போய் உங்கட கடன் வரும். அதோட அண்ணி எல்லாருக்கும் சொல்லுவா. வேண்டாம்.”

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் கண்டதில்லை. போன் அடித்தால் அவர் கையில் இருப்பது விழும். ஒரு நாள் ஒரு தட்டு முட்டை. நரை முடியோடு ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால், அது தவநாயகி அக்கா இல்லை என்று தெரியும்வரை மூச்சு விடமாட்டார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பார்த்து, மூடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போகிறவர், இரண்டு வெள்ளி போகவில்லை. “ஆராவது சீட்டுப் பற்றிக் கேப்பினம்” என்றார். கோசிகா படித்த பிள்ளை. அவளிடம் போனைக் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் ரிக்கற்றைப் பற்றி வாய் திறந்தால் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். இராஜேந்திரனுக்குப் பிரஷர். வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வேட்டி மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே இவர் ரொட்டி சுட வேண்டும்.

நாங்கள் கடையில் பழகிப் பார்த்தோம். பிறேமினிதான் பிளேன்காரி.

“மேடம், சனிக்கிழமைக்குப் பதிலாத் திங்கட்கிழமை போறீங்களா?” என்று மூக்கால் இங்கிலீசில் கேட்டது.

“யெஸ்” என்றார் ஜெயகௌரி. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அக்கா, நோ எண்டு சொல்ல வேணும்.”

“தெரியும் பிள்ளை. வாயைத் திறந்தா அது முந்தி வருது.”

மூன்று தரம் கேட்டது. மூன்று தரமும் யெஸ். முதல் இரண்டுக்கும் சிரித்தோம்.

ஓகஸ்ட் பிறப்பதற்கு முந்தின புதன்கிழமை, தவநாயகி அக்கா உண்மையிலேயே வந்துவிட்டார். டொக்டரிடம் வந்தவராம், வழியில் எட்டிப் பார்த்தாராம். முன் பல் இரண்டும் இல்லை. ஆனால் அந்த வாயால் கடிபட்டவர்கள் லண்டனில் நிறையப் பேர்.

“என்ன சண்முகம், கடைக்குள்ள பெரிய பெரிய பெட்டியெல்லாம் நிக்குது. சீட்டுக் காசிலயோ?”

பகிடிதான்.

“என்ர காசில அக்கா.”

“தெரியும், தெரியும். நீ காசுக்காரன்.” ஜெயகௌரியின் பக்கம் திரும்பினார். “ஞாயிறு வாறன் பிள்ளை. திங்கள் பல்லுக்காரனிட்ட கட்ட வேணும். ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்? ஊருக்குப் போற சந்தோசத்தில சாப்பிடுறேல்லையோ?”

“ஓம் அக்கா” என்றார் ஜெயகௌரி.

அவர் போன பிறகு ஜெயகௌரி பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். “அண்ணை, நான் ஞாயிறு காலமை உண்மையைச் சொல்லப்போறன். உங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லுவன். உங்கட பேர் கெடாது.”

நான் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

மறுநாள் வியாழன், கடையில் மதியச் சனம். போன் அடித்தது. ஜெயகௌரி கையில் ஒரு கட்டுக் கீரை. கீரை விழவில்லை, அதை இறுக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் எடுத்தார். ஒரு பெண் குரல் வெளியே கேட்டது. நான் தராசைத் தாண்டி ஓடிப்போய், “தா, நான் கதைக்கிறன்” என்று கையை நீட்டினேன். நான் ஹலோ சொன்னதும் அந்தக் குரல், பயணியோடுதான் பேசலாம் சேர் என்று சொல்லிவிட்டது. போன் திரும்ப ஜெயகௌரியிடம் போனது. பிறேமினி ஸ்பீக்கரைப் போட்டது.

குரல் மரியாதையாக, ஓடுகிற தண்ணீர் மாதிரிப் பேசியது. விளங்கியது இதுதான்: அடுத்த கிழமைச் சனிக்கிழமைப் பிளேனும் இல்லை. திங்கட்கிழமை. நடுவில் ஒரு ஊரில் பதினான்கு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அசௌகரியத்துக்கு மன்னிக்கவும். “ஆர் யூ ஹாப்பி டு அக்செப்ட் தட், மேடம்?”

வரிசையில் நின்ற சனம் எங்களைப் பார்த்தது. ஜெயகௌரியின் உதடு விரிந்தது. அந்த விரிவு எனக்குத் தெரியும். யெஸ்ஸுக்கு விரிகிற உதடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

“மேடம்?”

“நோ” என்றார் ஜெயகௌரி.

சின்னக் குரல், பல்லுக்கு நடுவில் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை போலும், திரும்பக் கேட்டாள்.

“நோ. ஐ வோன்ட் மணி பாக். த்ரீ ரிக்கற்.”

அப்போது அவள் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். காசுக்குப் பதில் வவுச்சர் தரலாமாம், ஒரு வருஷம் செல்லுமாம், நூறு பவுண் கூடுதலாகவும் போடலாமாம். நல்லதைத்தான் தருகிற குரல். எனக்கே தலை ஆடப் பார்த்தது. ஜெயகௌரியின் கையில் கீரைத்தண்டு நசிந்து பச்சை வடிந்தது. “நோ வவுச்சர். நோ. மணி.” பிறகு, பழக்கத்தை எங்கே விடுவது, “தாங்க் யூ” என்றார்.

போனை வைத்ததும் கல்லாவின் கீழ் குந்திக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். நான் அதற்குக் காசு எடுக்கவில்லை.

பயம் அதோடு போகவில்லை. காசு கொம்பனியிலிருந்து வைத்தியநாதனின் கார்ட்டுக்குத்தான் வரும். ரிக்கற் போட்டது அவருடைய கார்ட். வெள்ளிக்கிழமை போனோம். முழுத்தொகைக்கும் ஒப்புக்கொண்ட மெசேஜ் வந்திருந்தது, காசு வரவில்லை. “ஏழு நாளும் எடுக்கும், பத்து நாளும் எடுக்கும்” என்றார். சனிக்கிழமை காலையும் வரவில்லை. ஜெயகௌரி அவருடைய மேசைக்கு முன்னால் நின்றார். நகைக்கடை மணி அடித்தது. இந்த முறை வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆருக்குத் தங்கச்சி குடுக்க வேணும்?” என்று வைத்தியநாதன் மெதுவாகக் கேட்டார்.

“தவநாயகி அக்காவுக்கு.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயோ” என்றார். பிறகு, “மெசேஜ் வந்திட்டுது, காசு வராமல் போகாது. நான் பாங்கில எடுத்துத் தாறன். ஆனா என்ர கமிசன் ரிக்கற்றுக்கு முப்பது திரும்பாது. அதைக் கேக்கக் கூடாது.”

கேட்கவில்லை. தொண்ணூறு பவுணை ஜெயகௌரி அந்தக் கிழமைச் சம்பளத்திலிருந்து போட்டார். சம்பளம் கொடுத்தவன் நான், அதையும் சொல்லிவைக்கிறேன்.

ஊர்ப் பயணம் இல்லாமல் போனது. ஏழாம் திருவிழாவைப் பெரியப்பாவின் மக்கள் செய்தார்கள்; அடுத்த வருஷம் திருப்பித் தருவார்களோ தெரியாது. தமையன் இன்றுவரை போன் எடுக்கவில்லை. பிளேன் நின்றுவிட்டது என்று மட்டும் ஜெயகௌரி இராஜேந்திரனுக்குச் சொன்னார். அந்த மனுசன் வேட்டிகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கினார்.

ஞாயிறு பின்னறையில் பத்துப் பேரும் இருந்தார்கள். தவநாயகி அக்கா மூட்டையில் சாய்ந்து, வலக்கையை விரித்து நீட்டினார். ஜெயகௌரி உறையை அப்படியே வைக்கப் போனார்.

“உறை வேண்டாம். எண்ணி வை.”

“சரியா இருக்கக்கா.”

“இருக்கும். உன்னில சந்தேகமில்லை. காசெண்டா எண்ணித்தான் வாங்க வேணும்.”

ஜெயகௌரி உறையைக் கிழித்தார். ஐம்பதுத் தாள்கள், அவற்றோடு ஒரு பத்து. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் சொல்லி வைக்கத் தொடங்கினார். பாதியில் பிழைத்து, திரும்ப முதலிலிருந்து எண்ணினார். என் கடையில் அவர் எண்ணிப் பிழைத்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

“ஏன் பிள்ளை கை இப்பிடி நடுங்குது?”

“குளிர் அக்கா.”

வெளியே நல்ல வெயில். தவநாயகி அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், என்னையும் ஒரு தரம் பார்த்தார். அந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று காத்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. தாள் கூடக் கூட ஒரு கை போதாமல், இடக்கையையும் கீழே கொடுத்தார்.

ஐம்பதுகளும் அந்தப் பத்தும் முடிந்தன. ஜெயகௌரி உறையின் அடியில் தனியாக மடித்து வைத்திருந்த சம்பளக் காசை எடுத்து, இருபது, நாற்பது, அறுபது, எண்பது என்று அந்த விரித்த கைக்குள் வைத்தார். கடைசிப் பத்தையும் வைத்து, விரலால் ஒரு தரம் அமத்திவிட்டார்.

“மூவாயிரம்” என்றார்.